மலைமேல் நீர்த்தேக்கத்தில் வசந்தகால வலசை: கரைப்பறவைகள் நிற்கின்றனவா, பறந்தே போய்விடுகின்றனவா?

நீர்மட்டம் கேட்டது:

வணக்கம். புல்லும் பாறையுமான ஒரு மலைமேட்டில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. நான் பறவை பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். இலையுதிர் காலத்தில் தண்ணீர் இறங்கி ஓரம் முழுக்கச் சேறு தெரியும்போது கரைப்பறவைகள் நன்றாகவே வருகின்றன. டன்லின், கொசு உள்ளான், பச்சைக்காலி, சில நாள் பேதை உள்ளான்கூட. வந்த பறவை நாள்கணக்கில் அதே ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், நிதானமாக ஸ்கோப்பை (தாங்கியில் வைக்கும் தொலைநோக்கியை) நிறுத்திப் பார்க்கலாம், படம் எடுக்கலாம்.

வசந்தத்தில் எல்லாம் தலைகீழ். அணை நிரம்பி நிற்கிறது, சேறு என்பதே கிடையாது, கல் பாவிய கரையில் அலை வந்து மோதுகிறது. வடக்கே திரும்பும் பறவைகள் இந்த வழியாகப் போகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நான் மதியம் போய் நின்றால் ஒன்றிரண்டு சாதா உள்ளானைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றைக்கே வேறு யாராவது விடியற்காலையில் போய் "சின்னக் கோட்டான் (ஆந்தை இல்லை, விம்ப்ரல்) கூட்டமாக இறங்கியது, கருவயிற்று டன்லின், இரண்டு பச்சைக்காலி" என்று பதிவு போட்டிருப்பார்கள். எரிச்சலாக இருக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். நிரம்பிய மலை நீர்த்தேக்கம் வசந்தத்தில் உண்மையிலேயே பறவைக்கு உதவாத இடமா, அல்லது நான் போகும் நேரமும் பார்க்கும் இடமும் சரியில்லையா? அப்புறம் அந்தச் சாதா உள்ளான்கள் வழிப்போக்கர்களா, இங்கேயே கூடு வைக்கப்போகிறவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சரளைத் திட்டில் ஒரு ஜோடி பட்டாணி உப்புக்கொத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் சொல்லவில்லை.

காற்றுத்திசை:

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "மதியம் போய் நின்றால்" என்று இருக்கிறதே, அதுதான்.

இலையுதிர் காலத்தில் பார்த்த பழக்கத்தை வசந்தத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். தெற்கே போகும்போது அவசரம் குறைவு. இனப்பெருக்கம் முடிந்துவிட்டது, பெரியவை முதலில் கிளம்பும், குஞ்சுகள் பின்னால் தனியாக வரும், அந்த இளம்பறவைகள்தான் ஒரு சேற்றுத் திட்டைக் கண்டால் ஒரு வாரம் உட்கார்ந்துகொள்கின்றன. வடக்கே போகும்போது கதையே வேறு. வருபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். முதலில் போய்ச் சேருபவனுக்குத்தான் நல்ல இடம், ஆனால் ரொம்ப முன்னால் போனால் தூந்திரத்தில் பனி உருகியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியைக் குறிவைத்துப் போகிற பறவை உங்கள் அணையில் எதற்குத் தங்கப்போகிறது? எண்ணிக்கையும் குறைவுதான். இலையுதிர் காலத்தில் போவது பெற்றோரும் அந்த வருடக் குஞ்சுகளும் சேர்ந்த கூட்டம். வசந்தத்தில் திரும்புவது குளிர்காலத்தில் பிழைத்தவை மட்டும். அதிலும் பெரிய இனங்களில் முதல் வருடப் பறவைகள் பலவும் வடக்கே போகாமல் குளிர்காலத்தைக் கழித்த இடத்திலேயே அந்தக் கோடையையும் கழித்துவிடும்.

இன்னொன்று. மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பொதுவாகச் சத்து குறைந்தது, பல இடங்களில் அமிலத்தன்மை உள்ளது, கரையில் புழுவும் நத்தையும் கடலோரச் சேற்றில் இருப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே அங்கே இறங்கும் பறவை தின்பதற்காக இறங்குவதைவிட, வேறு வழியில்லாமல் இறங்குவதுதான் அதிகம். நெடுந்தூரப் பேருந்து வழியில் பத்து நிமிடம் நிற்குமே, அந்த மாதிரி நிறுத்தம் அது.

வேறு வழியில்லாமல் போவது எப்போது? கரைப்பறவைகள் பெரும்பாலும் சாயங்காலம் கிளம்பி இரவில் பறக்கின்றன. வானம் தெளிவாக, பின்காற்றும் இருந்தால் உங்கள் மலையை உயரத்திலேயே தாண்டிப் போய்விடும். நீங்கள் கீழே நின்று நீலவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதிர்க்காற்று, மழை, தாழ்ந்த மேகம், இவற்றில் ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு குறுக்கே வந்தால் பறவை தாழ வருகிறது, கண்ணில் படும் முதல் தண்ணீரில் இறங்குகிறது. மேட்டில் பல மைலுக்கு அது ஒன்றே தண்ணீர் என்றால் அங்கேதான் இறங்கும். மழை நின்று மேகம் தூக்கியதும் கிளம்பிவிடும், சில சமயம் அரை மணி நேரத்துக்குள்ளேயே. நீங்கள் மதியம் போய்ப் பார்ப்பது பேருந்து போன பிறகான நிறுத்தத்தை.

ஆகவே வெயில் நாளை விட்டுவிடுங்கள். முந்தின நாள் மாலையில் முன்னறிவிப்பைப் பாருங்கள், விடியும்போது தூறல் இருக்குமென்றால் அலாரம் வையுங்கள். மழைக்கோட்டு நனைகிற நாள்தான் நல்ல நாள்.

மேட்டுப்புல்:

காற்றுத்திசை சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் இந்த "மோசமான வானிலைக்குக் காத்திரு" என்கிற அறிவுரை எனக்கு எப்போதும் கொஞ்சம் இடிக்கும். எல்லோரும் மழை நாளில் மட்டும் போனால் மழை நாளில் மட்டும்தான் பறவை இருந்தது என்று பதிவுகள் சொல்லும். நல்ல வானிலையில் காலை ஐந்தரைக்கு யார் போய் நின்றார்கள்? சின்னக் கோட்டான் பகலிலும் பறக்கும், தெளிந்த காலையில் உயரே கூவிக்கொண்டே போகும், தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதைப் பதிவு செய்ய அங்கே ஒருவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. நீங்கள் எல்லோரும் தண்ணீரையே பார்க்கிறீர்கள். நிரம்பிய நீர்த்தேக்கத்தில் கரைப்பறவைக்குக் கரை எங்கே இருக்கிறது? கரைக்கு மேலே பாருங்கள். பொன் உப்புக்கொத்தியும் சின்னக் கோட்டானும் ஆடுமாடு மேய்ந்து ஒட்டவெட்டிய புல்வெளியில்தான் நடந்து திரியும், மண்புழுவும் வண்டும் அங்கேதான். பொன் உப்புக்கொத்தி அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. மஞ்சளும் கறுப்பும் புள்ளிபுள்ளியாக முதுகு இருக்கும், பாசி பிடித்த தரையோடு அப்படியே கலந்துபோகும். ஓடி, நின்று, குனிந்து, மறுபடி ஓடும்போதுதான் பிடிபடும். ஒன்று கிடைத்தால் ஸ்கோப்பை அப்படியே மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள், அதே புல்லில் இன்னும் இருபது நிற்கும்.

அடுத்தது ஓடை வந்து சேரும் முனை. அணை எவ்வளவு நிரம்பினாலும் அந்த முனையில் ஆழம் குறைவு, ஓடை கொண்டுவந்து போட்ட மணலும் சரளையும் கொஞ்சம் வெளியே தெரியும். பச்சைக்காலிக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் அதுவே போதும். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறிப் புல்லுக்குள் நுழையும்போது அந்த ஓரத்தையும் விடாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் புழுவெல்லாம் மேலே வரும், கடற்காகங்கள் முதலில் வந்து கூடும், அவற்றுக்கு நடுவில் டன்லின் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருக்கும். கடற்காகக் கூட்டம் என்று ஒதுக்கிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அணைச் சுவர். அழகில்லாத இடம் என்று யாரும் அங்கே பைனாகுலரைத் திருப்புவதில்லை. சாதா உள்ளானுக்கு அந்தக் கற்சரிவு ரொம்பப் பிடிக்கும், இருட்டுவதற்கு முன் ஏழெட்டு சேர்ந்து கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருக்கும்.

நீர்மட்டம்:

இருவருக்கும் நன்றி. புல்லைப் பார்க்கவே இல்லை, உண்மை. வேலைக்குப் போகிறவன், எல்லா விடியலிலும் மலையேற முடியாது, ஆகவே வானிலை பார்த்து நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்குச் சரிவரும், மேட்டுப்புல் மன்னிக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பறவை என்று ஒரு வரிசை இருக்கிறதா? அப்புறம் சாதா உள்ளான் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சரளைத்திட்டு:

சாதா உள்ளான் என் விஷயம், ஆகவே நான் சொல்கிறேன். மலையோடையும் மலை நீர்த்தேக்கமும் அதன் இனப்பெருக்க இடங்கள் என்பதால் இந்தக் குழப்பம் வராமல் இருக்காது. ஒரே கரையில் ஒரு ஜோடி குடித்தனம் தொடங்கியிருக்கும், பக்கத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டியவை ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். இறகை வைத்துப் பிரிக்க முடியாது. நடத்தையை வைத்துத்தான்.

வழிப்போக்கன் உங்களைக் கண்டால் பறந்து கொஞ்ச தூரம் போய் இறங்கும், மறுபடி நெருங்கினால் இன்னும் தள்ளிப் போகும், ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். இடம் பிடித்தது அப்படிப் போகாது. அரைவட்டம் அடித்துத் தண்ணீர் மேல் சுற்றி, நீங்கள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே வந்து உட்காரும். தண்ணீருக்கு மேல் தாழ்வாக, சிறகைக் கீழ்நோக்கி வளைத்துத் துடிதுடிக்கவிட்டபடி விடாமல் பாடிக்கொண்டு பறந்தால் அது ஆண் இடம் அறிவிக்கிறது. இரண்டு பறவை ஒன்றையொன்று துரத்தி, ஒன்று சிறகைத் தூக்கிக் காட்டினால் எல்லைச் சண்டை. இதெல்லாம் ஒரே இடத்தில் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப நடந்தால் அங்கே கூடு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். போன வருடம் இருந்த ஓரத்துக்கே பல பறவைகள் திரும்பி வருவதும் உண்டு.

கூட்டில் பொதுவாக நான்கு முட்டை, அடைகாக்க மூன்று வாரம். குஞ்சு பொரித்ததும் ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் பெற்றோர் ஒரு கல் மேலோ வேலிக்கால் மேலோ நின்று "ஈப்... ஈப்..." என்று ஒரே குரலில் கத்தும். அந்தக் குரல் கேட்டால் காலுக்குக் கீழே பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். படம் எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள், குளிர்ந்த காற்றில் குஞ்சுக்குத் தாயின் சூடு இல்லாமல் போனால் சீக்கிரமே செத்துப்போகும்.

உங்கள் பட்டாணி உப்புக்கொத்திக்கும் நான்கு முட்டைதான், ஏறக்குறைய 24, 25 நாள் அடை. சரளையில் சும்மா ஒரு பள்ளம், அவ்வளவே கூடு. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் போயிற்று. மதகைத் திறக்கிறவர்களிடம் பேச முடியும் என்றால் பேசிப் பாருங்கள், சில இடங்களில் கேட்பார்கள், சில இடங்களில் சிரிப்பார்கள்.

காற்றுத்திசை:

வரிசை கேட்டீர்கள். தேதி சொன்னால் தப்பாகும், ஏனென்றால் குளிர்கால இடத்துக்கு அருகில் இருப்பவருக்கு மார்ச்சில் கிளம்புகிற பறவை, ஆர்க்டிக்குக்கு அருகில் இருப்பவருக்கு மே கடைசியில்தான் வந்துசேரும். ஆனால் முறை ஒன்று உண்டு. அருகில் கூடு வைப்பவை முதலில், ஆர்க்டிக்கில் கூடு வைப்பவை கடைசியில். பெரிய கோட்டான், பட்டாணி உப்புக்கொத்தி, கிரீன் சாண்ட்பைப்பர் முன்வரிசை. அப்புறம் சாதா உள்ளான், பச்சைக்காலி, சின்னக் கோட்டான். பொறி உள்ளானும் டெம்மிங்க் கொசு உள்ளானும் அதற்கும் பின்னால். எல்லாம் முடிந்தது என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்த பிறகு சாண்டர்லிங், டர்ன்ஸ்டோன், ஆர்க்டிக்குக்குப் போகும் மோதிர உப்புக்கொத்தி. வட ஐரோப்பாவில் இவை ஜூன் முதல் வாரம் வரைகூட இழுக்கும்.

போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். இலையுதிர் காலத்தில் நிறைய வரும் ஒரு இனம் வசந்தத்தில் உங்கள் அணைக்கு வரவே வராமல் போகலாம், அது உங்கள் தப்பில்லை. வளைமூக்கு உள்ளான் மேற்கு ஐரோப்பாவில் அப்படித்தான், இலையுதிர் காலத்தில் இளம்பறவைகள் வரும், வசந்தத்தில் கூட்டம் இன்னும் கிழக்கே தள்ளிப் போய்விடும். பட்டைவால் மூக்கனில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2007-இல் 'ஈ7' என்று குறியிட்டு, செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் பறவை நியூசிலாந்திலிருந்து கிளம்பி நிற்காமல் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் பறந்து மஞ்சள் கடலில், சீனாவின் யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே பல வாரம் மேய்ந்துவிட்டு அலாஸ்காவுக்குப் போனது. திரும்பும்போது அந்தப் பக்கமே போகவில்லை, பசிபிக்கை நேராகக் கடந்து 11,500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறந்தது. மஞ்சள் கடலில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தப் பறவை ஒரு பருவத்தில் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

சிறகோசை:

குரலைப் பற்றி யாரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. நிரம்பிய அணையில் வசந்தகாலப் பட்டியலில் பாதி காதால் வருவது. மூடுபனிக்குள் பத்தடி தெரியாது, ஆனால் மேலே பச்சைக்காலி போகிறது என்று சத்தியம் செய்யலாம்.

நான் பழகிக்கொண்ட விதம் இது. பச்சைக்காலி "ட்யூ-ட்யூ-ட்யூ" என்று ஒரே உயரத்தில், தெளிவாக, பெரும்பாலும் மூன்று. சின்னக் கோட்டான் வேகமாக, சமமாக, ஏழு போல வரும் விசில், எண்ணினால் ஆறும் இருக்கும் எட்டும் இருக்கும், கவலைப்படாதீர்கள். சாதா உள்ளான் "ஸ்வீ-வீ-வீ" என்று மெல்லியதாகக் கீழிறங்கும். பொறி உள்ளான் "சிஃப்-இஃப்-இஃப்", காய்ந்த குரல். கிரீன் சாண்ட்பைப்பர் எழும்பும்போது "ட்லுயீ-விட்-விட்" என்று அதிர்ந்து கத்தும். பட்டாணி உப்புக்கொத்தி ஒற்றை "ப்யூ", இறங்கு குரல். அதற்கு அண்ணன்மாதிரி இருக்கும் மோதிர உப்புக்கொத்தி "டூ-ஈ" என்று ஏறு குரல். டன்லின் "த்ரீப்" என்று உரசல். டெம்மிங்க் ஒரு சின்ன நடுங்கும் ரீங்காரம், பூச்சி என்று நினைத்து விட்டுவிடுவோம்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி போனில் பரவாயில்லை, ஆனால் காற்று அடிக்கும் மேட்டில் அது சொல்வதை அப்படியே பதிவில் ஏற்றாதீர்கள். நான் ஒலிப்பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒலிவரைபடத்தைப் பார்ப்பேன். ஒரு வேண்டுகோள், பறவையை வரவழைக்க அதன் குரலைப் போட்டுக்காட்ட வேண்டாம். எடையைக் காத்துக்கொண்டு போகிற பறவையை வட்டமடிக்க வைப்பது சரியில்லை.

கிரீன் சாண்ட்பைப்பர், பொறி உள்ளான் குழப்பத்துக்கு ஒரு வழி. பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுத்திருந்தால் முதலாவது, வெளுத்திருந்தால் பொறி உள்ளான். முதலாவதில் வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று அடிக்கும், கால் வாலைத் தாண்டி அதிகம் நீளாது. பொறி உள்ளானுக்குப் புருவக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை போகும், முதுகில் புள்ளி நெருக்கம்.

நீர்மட்டம்:

இது நல்ல நேரத்தில் வந்தது. என் பழைய குறிப்பில் ஜூன் நடுவில் ஒரு கிரீன் சாண்ட்பைப்பர் இருக்கிறது. வடக்கே போவதில் தாமதமான பறவை என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா? ரொம்பத் தாமதமாகத் தெரிகிறதே.

சிறகோசை:

தாமதமே இல்லை, அது பெரும்பாலும் தெற்கே கிளம்பிவிட்டது. கிரீன் சாண்ட்பைப்பர் மரத்தில், வேறு பறவைகள் விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடும், கரைப்பறவைகளில் இது விசித்திரம்தான். முட்டை பொரித்ததும் பெண் பறவை குஞ்சை ஆணிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பும், ஜூனிலேயே திரும்பும் பறவைகள் தெரிய ஆரம்பிக்கும். கூடு சரியாக அமையாமல் போன பறவைகளும் அப்போதே வரும். அதே ஜூனில் ஆர்க்டிக் மோதிர உப்புக்கொத்தி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருக்கலாம். ஒரே கரையில் ஒன்று வருகிறது, ஒன்று போகிறது.

மேட்டுப்புல்:

சிறகோசை சொன்ன அந்த "எடையைக் காத்துக்கொண்டு" என்பதில் சின்னத் திருத்தம். வழியில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் ஆர்க்டிக்கில் முட்டையிடுகின்றன என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2001-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு முட்டையிலும் குஞ்சு இறகிலும் இருந்த, எந்த இடத்துத் தீனி என்று காட்டிக்கொடுக்கும் கார்பன் ஐசோடோப்பை ஒப்பிட்டுப் பார்த்து, முட்டை தூந்திரத்தில் தின்ற தீனியிலிருந்தே உருவாகிறது என்று காட்டியது. அதாவது வழிக்கொழுப்பு பறப்பதற்கும், போய்ச் சேர்ந்த முதல் சில குளிர்நாளைத் தாங்குவதற்கும். ஆகவே மலை அணையில் ஒரு பறவையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் நஷ்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பறக்கும் எரிபொருளைத்தான் செலவழிக்க வைக்கிறோம். நாயை அவிழ்த்துவிடுவது, ட்ரோன் விடுவது இரண்டுமே எனக்கு ஆகாது.

புதுக்கண்:

இடையில் நுழைகிறேன், ஸ்கோப் இல்லாமல் முடியுமா? என்னிடம் 8x42 பைனாகுலர் மட்டும்.

சரளைத்திட்டு:

முடியும். பெரிய நீர்த்தேக்கத்தில் எதிர்க்கரைப் பறவை கிடைக்காது, அவ்வளவுதான். ஓடை முனைக்குப் பக்கமாக, சூரியன் முதுகில் படும் கரையில், வானம் பின்னணியாகாதபடி தாழ உட்காருங்கள். அங்கேயே இருந்தால் பறவை உங்களை நோக்கி மேய்ந்து வரும், நீங்கள் நடந்தால் போய்விடும். சாலை கரையோரம் போனால் வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள், வண்டியைக் கண்டு பயப்படாத பறவை கதவு திறந்ததும் எழும்பிவிடும். ஸ்கோப் இருப்பவருக்கும் வெயில் ஏறியபிறகு கானல் அலையில் ஒன்றும் தெரியாது, ஆகவே அதிகம் இழக்கவில்லை.

காற்றுத்திசை:

காலை முடியாதவர்களுக்கு இன்னொரு நேரம் உண்டு, நீர்மட்டம் ஐயா வேலை முடிந்து போகலாம். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் இருட்டும் வரை இருங்கள். மழையால் பகலில் மாட்டிக்கொண்டவை வானம் தெளிந்தால் அப்போதுதான் கிளம்பும். முதலில் மேய்வதை நிறுத்தும், இறகு கோதும், அமைதியில்லாமல் கூவ ஆரம்பிக்கும், அப்புறம் ஒன்று எழும்ப மற்றவை சேரும், அணைக்கு மேலே ஒன்றிரண்டு வட்டம் போட்டு உயரம் எடுக்கும். போகிற திசையைத் திசைகாட்டியில் பார்த்து எழுதி வையுங்கள், அந்த ஒரு குறிப்பு பத்து எண்ணிக்கைக்குச் சமம். எவ்வளவு உயரம் போகும் என்று கேட்பீர்கள். கிரேட் ஸ்னைப் என்கிற உள்ளான் இனத்தில் கருவி வைத்துப் பார்த்தபோது இரவைவிடப் பகலில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறுகிறது என்றும், ஒரு பறவை 8,700 மீட்டர் வரை போயிருக்கிறது என்றும் தெரிந்தது. உங்கள் மலையெல்லாம் அதற்கு ஒரு மேடுகூட இல்லை.

எழுதும்போது எண்ணிக்கையோடு நேரம், காற்று, நீர்மட்டம் மூன்றையும் சேருங்கள். அணையில் அளவுகோல் வரைந்திருக்கும், அந்த எண்ணே போதும். பறவை இல்லாத நாளையும் இ-பேர்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளத்தில்) ஏற்றுங்கள், வெறும் நாள் இல்லாத பட்டியலை வைத்து யாரும் எதுவும் கணக்கிட முடியாது. ஒரு பறவை சில மணி நேரம்தான் நிற்கிறது என்பதால் ஒருமுறை எண்ணியதை அந்த நாளின் மொத்தம் என்று நினைக்கவும் வேண்டாம், காலையில் மூன்று, மாலையில் மூன்று என்றால் அது ஆறாகவும் இருக்கலாம்.

சரளைத்திட்டு:

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக்கொடி இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எத்தனை நிறம், எது மேலே, எழுத்து இருந்தால் எழுத்து. கிழக்கு ஆசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் நிறத்தை வைத்தே இடம் தெரிந்துவிடும், விக்டோரியாவுக்கு ஆரஞ்சு, வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மஞ்சள், நியூசிலாந்துக்கு வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். படம் மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள், நிறம் தெரிந்தால் போதும். ஆனால் அந்தச் சரளைத் திட்டு ஜோடி இருக்கும்வரை பதிவில் இடத்தைத் துல்லியமாகக் குறிக்காதீர்கள், குஞ்சு பறந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

நீர்மட்டம்:

வியாழக்கிழமை இரவு மழை, வெள்ளி காலை வடக்குக் காற்று என்று முன்னறிவிப்பில் போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். ஓடை முனையில் தொடங்கி, அப்புறம் புல்வெளி.